ஆர்வக் குழுக்களைக் கலைத்துக் கட்டும் சங்கத்துக்கு சிவிசிஆர்எம் எந்த அளவுக்கு உதவும்?

தொழில்முறைச் சங்கங்களில் ஆர்வக் குழுக்கள் தொடங்கப்படும் வேகத்தில் மூடப்படுவதில்லை. இரண்டு பேர் ஆசைப்பட்டுத் தொடங்கிய குழு, அவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் பட்டியலில் நிற்கும். அதே பொருளில் வேறு பெயரோடு பக்கத்திலேயே இன்னொன்று முளைத்திருக்கும். ஒரு கட்டத்தில் செயற்குழு உட்கார்ந்து, இருப்பதைப் பாதியாகக் குறைப்பது என்று தீர்மானம் போடும். தீர்மானம் ஒரு பக்கம்தான். அதன்பின் உறுப்பினர் தரவுத்தளத்தில் நடக்க வேண்டிய வேலைதான் மாதக்கணக்கில் இழுக்கும். அமெரிக்க நூலகச் சங்கம் தன் மூன்று பிரிவுகளை இணைத்து 2020 செப்டம்பரில் ‘கோர்’ என்ற ஒரே பிரிவாக்கியது. அவ்வளவு பெரிய இணைப்பானாலும், முந்நூறு பேர் உள்ள சங்கம் இரண்டு குழுக்களைச் சேர்ப்பதானாலும், அலுவலகத்தில் எழும் கேள்விகள் அதேதான்: யார் எந்தக் குழுவில் இருக்கிறார், அதற்குப் பணம் கட்டினாரா, எப்போது முடிகிறது, இனி அவருக்கு யார் மின்னஞ்சல் அனுப்பலாம்?

சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் ஆட்களின் விவரங்களை நிர்வகிக்கப் பயன்படுத்தும் சிவிசிஆர்எம் மென்பொருளை இந்த ஒரு வேலையை வைத்து மட்டுமே இங்கே எடைபோடுகிறோம். நன்கொடை, நிகழ்ச்சிப் பதிவு போன்ற மற்ற பயன்கள் தனிக்கதை. 2005 முதல் வெளிவரும் திறமூல மென்பொருள் இது. ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது, ஆளுக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணம் கிடையாது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, பேக்டிராப் ஆகிய இணையதளம் நடத்தும் மென்பொருட்களுக்குள் இயங்கும். செலவு சர்வருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்தான். அந்த ஆள் இல்லாத சங்கம் இதை இலவசம் என்று நினைத்து இறங்கக் கூடாது.

எங்கள் கணிப்பு இது: குழுக்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் வேண்டிய கருவிகள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் ‘இந்த இரண்டையும் சேர்’ என்று ஒரு பொத்தான் எங்கும் இல்லை. எந்தக் கருவியை எந்த வரிசையில் எடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. வரிசை தவறினால் மென்பொருள் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. சொன்னதை அப்படியே செய்துவிட்டு அமைதியாக இருக்கும்.

(கீழே ‘குழு’ என்று சொல்வது சங்கத்தின் ஆர்வக் குழுவை. ‘குரூப்’ என்று சொல்வது மென்பொருளுக்குள் அந்தப் பெயரில் உள்ள பட்டியலை.)

குழு எதற்குள் இருக்கிறது?

வேலையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது இதுதான். சிவிசிஆர்எம்மில் ஓர் ஆர்வக் குழுவை நான்கு விதமாக வைத்திருக்க முடியும்: டேக் (ஆளின் பதிவில் ஒட்டும் அடையாளச் சொல்), உறுப்பினர் பதிவில் ஒரு டிக் பெட்டி, குரூப், மெம்பர்ஷிப் டைப் (உறுப்பினர் வகை). நாளாவட்டத்தில் ஒரே சங்கத்தில் நான்கும் கலந்து கிடப்பது சகஜம். ஒவ்வொரு செயலாளரும் தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டுப் போயிருப்பார்.

டேக் போடுவது எளிது. ஆனால் யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற தேதி அதில் நிற்காது. டிக் பெட்டியிலும் அதே குறைதான், விண்ணப்பப் படிவத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்பது மட்டுமே கூடுதல். குரூப் வேறு ரகம். ஒருவர் சேர்க்கப்பட்டார், நிலுவையில் இருக்கிறார், நீக்கப்பட்டார் என்ற மூன்று நிலைகளையும், ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் எந்த வழியாக நடந்தது என்பதையும் அது சேமித்து வைக்கும். மறுசீரமைப்பில் இந்த வரலாறுதான் பின்னால் கைகொடுக்கும். ‘நான் அந்தக் குழுவில் இருந்தேனே, என்னை ஏன் எடுத்தீர்கள்’ என்று கேட்பவருக்குக் காட்ட வேறு ஆதாரம் இருக்காது. மெம்பர்ஷிப் டைப்புக்கு இவற்றோடு கட்டணம், தொடக்க நாள், முடிவு நாள், தானாக மாறும் நிலை எல்லாம் உண்டு.

அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று: இலவசக் குழுக்களைப் பூஜ்யக் கட்டண மெம்பர்ஷிப் டைப்பாக வைத்திருப்பது. நான்கு குழுவில் இருக்கும் ஒருவருக்குச் சங்க உறுப்பினர் பதிவோடு சேர்த்து ஐந்து முடிவு நாட்கள், ஐந்து நினைவூட்டல் மின்னஞ்சல்கள். அறிக்கை எடுத்தால் அது ஆட்களை எண்ணாது, மெம்பர்ஷிப்களை எண்ணும். சங்கத்தின் பலம் காகிதத்தில் மட்டும் வீங்கித் தெரியும். எந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று முடிவெடுக்க அந்த எண்ணிக்கையையே செயற்குழு நம்பியிருந்தால், மறுசீரமைப்பே தப்பான அடித்தளத்தில் தொடங்குகிறது. பணம் வாங்கும் குழு மெம்பர்ஷிப் டைப்பாக இருக்கட்டும், வாங்காத குழு குரூப்பாக இருக்கட்டும், பொறுப்பாளர் பதவிகள் ரிலேஷன்ஷிப்பாக (இரண்டு பதிவுகளை இணைக்கும் உறவுக் குறிப்பு) இருக்கட்டும். இணைப்பையோ பிரிப்பையோ தொடும் முன் இந்த மூன்றையும் நேராக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இலவசக் குழுக்களைச் சேர்ப்பது

முதலில் இரட்டைப் பதிவுகள். ஒருவர் ஒரு குழுவில் அலுவலக மின்னஞ்சலோடும், மற்றதில் வீட்டு மின்னஞ்சலோடும் சேர்ந்திருப்பார். குழுக்களைச் சேர்த்தபின் அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகப் போகும். சிவிசிஆர்எம்மின் இரட்டைப் பதிவுத் தேடல் மதிப்பெண் முறையில் இயங்குகிறது. மேற்பார்வையோடு பயன்படுத்த அது தரும் இயல்பு விதியில் பெயரின் முதல் பகுதிக்கு 5, கடைசிப் பகுதிக்கு 7, மின்னஞ்சலுக்கு 10. மொத்தம் 20 தொட்டால்தான் இரட்டை என்று காட்டும். அதாவது மூன்றும் பொருந்த வேண்டும். மேலே சொன்ன ஆளை இந்த விதி பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் அவருடைய மின்னஞ்சல் வேறு. பெயரோடு கைப்பேசி எண் அல்லது தொழில் பதிவு எண் சேர்ந்த புதிய விதி ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் ஓர் ஆபத்து: ஆளில்லாமல் தானாக ஓடும் விதி மின்னஞ்சல் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. கணவனும் மனைவியும் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தால், கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும்போது ஒருவர் விவரம் மற்றவர்மேல் ஏறிவிடும்.

இது முடிந்ததும் புதிய குரூப்பை உருவாக்கி, பழைய இரண்டிலும் ‘சேர்க்கப்பட்டார்’ நிலையில் உள்ளவர்களைச் செர்ச்கிட் என்ற உள்ளமைந்த தேடல் கருவியில் தேடி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். இரண்டிலும் இருப்பவர் புதியதில் ஒருமுறைதான் வருவார். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ‘நீக்கப்பட்டார்’ நிலையில் உள்ளவர்களைப் பற்றி. அவர்களில் பலர் மின்னஞ்சலின் அடியில் இருந்த விலகல் இணைப்பை அழுத்தி வெளியே போனவர்கள். நிலையைப் பார்க்காமல் ‘அந்த குரூப்போடு தொடர்புள்ள எல்லாரும்’ என்று தேடிச் சேர்த்தால், விலகியவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்துவிடுவார்கள். முதல் சுற்றறிக்கை போன உடனே புகார்கள் குவியும். ‘எந்த மொத்த அஞ்சலும் வேண்டாம்’ என்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தக் குறி ஆளின் பதிவிலேயே இருப்பதால் எந்த குரூப்பில் போட்டாலும் அவரோடு வரும்.

பழைய குரூப்பை அழிக்காதீர்கள். அழித்தால் யார் எப்போது சேர்ந்தார், விலகினார் என்ற வரலாறும் அதோடு போய்விடும், குரூப்புக்குக் குப்பைத்தொட்டி என்று ஒன்று இல்லை. பெயருக்கு முன்னால் ‘பழைய’ என்று போட்டு, முடக்கி வையுங்கள். இடம் ஒன்றும் அடைக்காது.

அவசரம் என்றால் ஒரு குறுக்குவழியும் உண்டு. புதிய குரூப்பைத் தாயாகவும் பழைய இரண்டைச் சேய்களாகவும் அமைத்தால், தாய்க்கு அனுப்பும் அஞ்சல் சேய்களுக்கும் போகும், ஓர் ஆளுக்கு ஒரு பிரதிதான். செயற்குழு இன்று முடிவெடுத்து நாளையே ‘இணைந்த குழுவின் முதல் கடிதம்’ போக வேண்டுமென்றால் இது போதும். அதையே நிரந்தரமாக விட்டுவைத்த சங்கங்களில், பழைய படிவங்கள் வழியாகப் பழைய பெயர்களிலேயே ஆட்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள்.

ஸ்மார்ட் குரூப்பின் பிடிவாதம்

தேடல் நிபந்தனையைச் சேமித்து வைத்தால், அதற்குப் பொருந்துபவர்கள் தாமாகவே உள்ளே வருவதும் வெளியே போவதும்தான் ஸ்மார்ட் குரூப். நல்ல வசதி. ஆனால் மறுசீரமைப்பின்போது அதிகம் குழப்புவதும் இதுதான்.

ஒருவர் ஸ்மார்ட் குரூப்பிலிருந்து ஒருமுறை கையால் நீக்கப்பட்டாலோ, விலகல் இணைப்பை அழுத்தினாலோ, ‘நீக்கப்பட்டார்’ என்ற பதிவு தங்கிவிடும். பிறகு அவர் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தினாலும் பட்டியலில் வரமாட்டார். எண்ணிக்கை சிலபேர் குறைவாக வருகிறதே என்று நிபந்தனையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. கையால் சேர்க்கப்பட்டவர் கதை இதற்கு நேர்மாறு: நிபந்தனை என்ன சொன்னாலும் அவர் உள்ளேயேதான் இருப்பார்.

அடுத்தது, ஸ்மார்ட் குரூப் மெம்பர்ஷிப் டைப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, அதன் உள் எண்ணைப் பார்க்கிறது. இணைந்த குழுவுக்குப் புதிய டைப் உருவாக்கி, ஆட்களும் அதற்குள் வந்துவிட்டால், பழைய எண்ணைத் தேடும் ஸ்மார்ட் குரூப் மெல்ல மெல்லக் காலியாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு மாதமும் அஞ்சல் பெறுபவர் எண்ணிக்கை குறைவதை யாராவது கவனித்தால்தான் உண்டு. எனவே வேலை தொடங்கும் முன் எல்லா ஸ்மார்ட் குரூப்களையும் திறந்து, எவை பழைய டைப்களைச் சுட்டுகின்றன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், தவிர்க்க முடியாது. பழைய தேடல் பக்கத்தில் உருவானவையும் செர்ச்கிட்டில் உருவானவையும் தனித்தனி இடத்தில் திருத்தப்பட வேண்டும் என்பது எரிச்சலைக் கூட்டும். இரண்டு தேடல் முறைகள் அருகருகே வாழ்வது இந்த மென்பொருளின் வடிவமைப்பிலேயே ஒரு குறை.

இன்னொன்று சின்ன விஷயம். ஸ்மார்ட் குரூப்பின் பட்டியல் இயல்பாக 5 நிமிடம் சேமிப்பில் இருக்கும். மாற்றிய மறுநொடியே எண்ணிக்கை மாறவில்லை என்று பதறி இன்னொரு முறை மாற்ற வேண்டாம்.

கட்டணக் குழுக்கள்: உண்மையான சோதனை இங்கேதான்

சங்கச் சந்தாவோடு குழுக்களுக்கும் தனிக் கட்டணம் வாங்குகிற சங்கங்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சிவிசிஆர்எம்மில் ஒவ்வொரு மெம்பர்ஷிப் டைப்பும் ஒரு நிறுவனப் பதிவின் (தரவுத்தளத்தில் ஆளுக்குப் பதில் ஓர் அமைப்பின் பெயரில் உள்ள பதிவு) கீழ் இருக்கும். ஒரே நிறுவனத்தின் கீழுள்ள இரண்டு டைப்களை ஒரே படிவத்தில் ஒருவர் சேர்ந்து வாங்க முடியாது. ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான் என்று படிவம் திருப்பி அனுப்பும். ஆகவே ஒருவர் விரும்பிய குழுக்களை எல்லாம் டிக் செய்து ஒரே தடவையில் பணம் கட்ட வேண்டுமானால், ஒவ்வொரு குழுவுக்கும் தனி நிறுவனப் பதிவு இருந்தாக வேண்டும். இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் சங்கத்தின் பெயரிலேயே வைத்துவிட்டு, ‘படிவம் வேலை செய்யவில்லை’ என்று மென்பொருளைத் திட்டுபவர்கள் உண்டு.

இந்த நிறுவனப் பிணைப்புக்கு இன்னொரு விளைவும் இருக்கிறது, இணைப்பில் அதுதான் முக்கியம். ஒருவரிடம் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் டைப் இருக்கும்போது, அதே நிறுவனத்தின் வேறு டைப்பை இணையப் பக்கத்தில் வாங்கினால், சிவிசிஆர்எம் அதைப் புதுப்பித்தலாக எடுத்துக்கொண்டு பழைய பதிவையே புதிய டைப்புக்கு மாற்றும். சேர்ந்த நாள் அப்படியே தொடரும். நிறுவனம் வேறாக இருந்தால், புதிதாக ஒரு மெம்பர்ஷிப் உருவாகும். பழையது தன் முடிவு நாள்வரை தனியாக ஓடும்.

இதை இணைப்புக்குப் பொருத்திப் பாருங்கள். ‘அ’ குழுவும் ‘ஆ’ குழுவும் சேர்ந்து ‘இ’ ஆகிறது. ‘இ’க்குப் புத்தம் புதிய நிறுவனப் பதிவு போட்டால், பழைய உறுப்பினர்கள் அனைவரும் புதியவர்களாகத் தெரிவார்கள். இருபது ஆண்டாக இருப்பவருக்கும் சேர்ந்த நாள் நேற்று என்று வரும். பழைய பதிவு முடியும்வரை எண்ணிக்கை இரட்டிக்கும். ‘அ’வின் நிறுவனத்தின் கீழேயே ‘இ’யை வைத்தால், ‘அ’ உறுப்பினர்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ‘ஆ’ உறுப்பினர்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை. சரியான வழி, புதுப்பிப்புப் பக்கத்தைத் திறக்கும் முன்பே மூன்று டைப்களையும் ஒரே நிறுவனப் பதிவின் கீழ் கொண்டுவருவது. பிறகு யார் வந்து புதுப்பித்தாலும் பழைய பதிவு ‘இ’யாக மாறும்.

ஆனால் ‘அ’, ‘ஆ’ இரண்டிலும் இருந்தவர்? அவரிடம் இப்போது ஒரே நிறுவனத்தின் கீழ் இரண்டு மெம்பர்ஷிப்கள். புதுப்பிக்கும்போது ஒன்று ‘இ’யாக மாறும், மற்றது தனியே காலாவதியாகி, இடையில் அவருக்கு ‘உங்கள் உறுப்பினர் தகுதி முடிகிறது’ என்ற கடிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எது மாறும் என்று பக்கத்தில் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. இவர்களை முன்கூட்டியே செர்ச்கிட்டில் தனியாக எடுத்து, ஒன்றை ரத்து நிலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டுக்கும் பணம் கட்டியவர்கள் என்பதால், மீதிக் காலத்துக்கு என்ன ஈடு என்பதைப் பொருளாளர் அதற்குமுன் எழுத்தில் தர வேண்டும். புதியதன் முடிவு நாளைத் தள்ளிப்போடுவதே கணக்குக்கு எளிது. பணத்தைத் திருப்புவது ஒவ்வொரு ரசீதையும் திறக்கும் வேலை.

கால அளவும் இடிக்கும். ஒரு குழு காலண்டர் ஆண்டுக்கு, இன்னொன்று சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு என்று இருக்கலாம். டைப்பில் இதை மாற்றினால் இனி வரும் பதிவுகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே உள்ள முடிவு நாட்கள் அசையாது. அவற்றைத் தனியாக மொத்தத் திருத்தம் செய்ய வேண்டும். திருத்தியபின், தினசரி ஓடும் நிலைப் புதுப்பிப்பு வேலை மறுநாள் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சரிசெய்யும். இயல்பு விதிப்படி சேர்ந்த முதல் 3 மாதம் புதியவர், முடிவு நாள்வரை நடப்பு, அதன்பின் 1 மாதம் சலுகைக் காலம், பிறகு காலாவதி. நிலையைக் கையால் பூட்டி வைத்திருக்கும் பதிவுகளை மட்டும் இந்த வேலை தொடாது. கௌரவ உறுப்பினர், மேல்முறையீட்டில் இருப்பவர் என்று யாரோ எப்போதோ போட்ட பூட்டுகள் இவை. பெரும்பாலும் போட்டவர் போய்விட்டிருப்பார், பூட்டு மட்டும் இருக்கும்.

பழைய டைப்பை அழிக்க முடியாது. ஆட்கள் இருக்கும்வரை மென்பொருளே மறுக்கும். முடக்கலாம். இந்த ஓர் இடத்திலாவது அது தடுக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

தானியங்கிக் கட்டணம் வைத்திருப்பவர்களுக்கு எளிய தீர்வு இல்லை. அட்டையிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் தொகை பணம் வசூலிக்கும் சேவையிடம் பதிவாகியிருக்கிறது. தரவுத்தளத்தில் டைப்பை மாற்றியதால் அங்கே தொகை மாறாது. பழைய கட்டணமே போய்க்கொண்டிருக்கும், புதிய குழுவின் கணக்கில் குறையும் மிகுதியும் வரும். இவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, பழைய ஏற்பாட்டை ரத்து செய்து, புதிதாக ஒப்புதல் கேட்பதுதான் பாதுகாப்பு. சிலர் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போட மாட்டார்கள். அந்த இழப்பைத் திட்டத்தில் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மூன்றாகப் பிரிப்பது

சேர்ப்பதைவிடப் பிரிப்பதில் சிவிசிஆர்எம் நன்றாக நடந்துகொள்கிறது. யார் எங்கே போக விரும்புகிறார் என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஆட்களைக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கான வசதி இதில் நன்றாகவே இருக்கிறது. மூன்று புதிய குரூப்களையும் டிக் பெட்டிகளாகக் காட்டும் ஒரு படிவத்தை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய இணைப்போடு அஞ்சல் அனுப்பலாம். கடவுச்சொல் தேவையில்லை, இணைப்பில் உள்ள சரிபார்ப்புக் குறியீடு ஆளை அடையாளம் காணும்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். அந்தக் குறியீடு இயல்பாக 7 நாள்தான் செல்லும். விடுமுறையில் இருந்து திரும்பி வந்து எட்டாம் நாள் திறப்பவருக்குப் படிவம் திறக்காது. ஆயுளை 30 நாளாக்கிவிட்டு, பிரிப்பு முடிந்ததும் மறக்காமல் பழையபடி குறையுங்கள், ஏனென்றால் அந்த இணைப்பை வேறொருவருக்கு முன்னனுப்பினால் அவரும் உள்ளே வரலாம். அடுத்து, குரூப்பின் தெரிவுநிலை பொதுப் பக்கங்களுக்கு என்று இல்லாவிட்டால், படிவத்தில் அது தெரியவே தெரியாது. கடைசியாக, இரட்டை ஒப்புதல் அமைப்பு செயலில் இருந்தால், டிக் செய்தவர் தமக்கு வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் அழுத்தும்வரை ‘நிலுவை’யிலேயே நிற்பார். டிக் செய்தாயிற்று என்று அவர் நினைப்பார், உங்கள் அஞ்சலோ அவருக்குப் போகாது. பிரிப்பு தொடங்கிய பத்து நாள் கழித்து நிலுவைப் பட்டியலை எடுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பினால் போதும்.

பதிலே சொல்லாதவர்களை எதில் போடுவது என்பது மென்பொருள் கேள்வியல்ல. மூன்றிலும் போட்டுவிடலாம் என்பது கேட்க எளிதாக இருக்கும். அடுத்த தேர்தலில் மூன்று குழுக்களின் வாக்காளர் பட்டியலும் ஒரே மாதிரி இருந்து, எந்தக் குழுவும் குறைந்தபட்ச வாக்கு எண்ணிக்கையைத் தொடாமல் நிற்கும்போதுதான் தவறு தெரியும்.

யார் எதைப் பார்க்கலாம்

குழுத் தலைவர் தன் குழுவின் ஆட்களை மட்டும் பார்க்கும்படி அமைக்கலாம். அனுமதிக்கான குரூப் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஒரு பாத்திரம் (ரோல்) கொடுத்து, அந்தப் பாத்திரம் எந்த குரூப்பின் ஆட்களைப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விதி எழுத வேண்டும். மூன்று படி, மூன்று திரை. ஒருமுறை புரிந்துவிட்டால் எளிது, புரியும்வரை தலைசுற்றும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: இந்த விதிகளை எல்லாம் அழகாக எழுதிவிட்டு, வேர்ட்பிரஸ் அல்லது ட்ரூபல் பக்கத்தில் அதே ஆளுக்கு ‘எல்லாத் தொடர்புகளையும் பார்க்கலாம்’ என்ற அனுமதியும் இருப்பதை விட்டுவிடுவது. அந்த ஓர் அனுமதி இருந்தால் உள்ளே எழுதிய விதி எதுவும் பொருட்டல்ல. இணைப்புக்குப் பிறகு புதிய தலைவராகக் கணக்குத் தொடங்கி நுழைந்து பாருங்கள். நிர்வாகி கணக்கில் இருந்து சோதித்தால் ஒன்றும் தெரியாது.

பழைய பொறுப்பாளர்களின் ரிலேஷன்ஷிப்பை அழிக்காமல் முடிவு நாள் போட்டால் போதும். காலாவதியானவற்றை முடக்கும் திட்டமிட்ட வேலை ஒன்று இருக்கிறது, அது செயலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் அனுமதி குரூப்பில் அவர்கள் கையால் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கிருந்தும் கையால்தான் எடுக்க வேண்டும்.

மறைவாக இருக்கும் பழைய பெயர்கள்

டைப்பும் குரூப்பும் மாறியபின்னும் பழையவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் சில உண்டு. காலக்கெடு நினைவூட்டல்கள் எந்த டைப்புக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. புதிய டைப்பைச் சேர்க்காவிட்டால் யாருக்கும் நினைவூட்டல் போகாது, வருமானம் சரிந்த பிறகே காரணம் தெரியும். நிகழ்ச்சிக் கட்டணச் சலுகைக்கு சிவிடிஸ்கவுண்ட் நீட்சியை (மென்பொருளோடு சேர்த்து நிறுவும் கூடுதல் நிரல்) பயன்படுத்தினால் அதுவும் டைப்பைப் பார்த்தே சலுகை தருகிறது. படிவங்களில் காட்டும் கட்டணப் பட்டியல்களான விலைத் தொகுப்புகளில் பழைய வரிகள் இருக்கும்.

இவற்றில் எல்லாம் மோசமானது, உறுப்பினர் தகுதியை இணையதளப் பயனர் உரிமையோடு இணைக்கும் நீட்சி. எந்த டைப், எந்த நிலை என்றால் எந்த உரிமை என்ற அட்டவணை அதற்குள் இருக்கிறது. புதிய டைப்புக்கு அங்கே வரி இல்லாவிட்டால், டைப் மாறிய அன்றே அந்த உறுப்பினர்கள் எல்லாரும் உறுப்பினர் பகுதிக்கு வெளியே நிற்பார்கள். இணைப்பு நாளில் தொலைபேசி ஓயாமல் அடிப்பதற்கு இது ஒன்றே போதும். அந்த அட்டவணையில் முதலில் வரி சேர்த்துவிட்டுத்தான் டைப்பை மாற்ற வேண்டும்.

ஒத்திகை

நகல் தளத்தில் ஒருமுறையாவது முழுதாக ஓட்டிப் பார்க்காமல் உண்மைத் தளத்தைத் தொடக் கூடாது. நகல் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், வெளியே போகும் அஞ்சலைத் தரவுத்தளத்துக்கே திருப்பிவிடுவது. அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது, மிக நல்ல வசதி: அஞ்சல் எதுவும் வெளியே போகாது, ஆனால் யாருக்கு என்ன போயிருக்கும் என்று படித்துப் பார்க்கலாம். பணம் வசூலிக்கும் சேவையையும் திட்டமிட்ட வேலைகளையும் நகலில் நிறுத்துங்கள்.

உண்மைத் தளத்தில் விரிவான மாற்றப் பதிவை முன்கூட்டியே இயக்கினால், ஒவ்வொரு ஆளிலும் எது எப்போது மாறியது என்று பின்னால் பார்க்கலாம், தனித்தனி மாற்றங்களைத் திருப்பவும் செய்யலாம். தரவுத்தளம் பெருத்துவிடும், அதற்குச் சர்வரில் டிரிகர் (மாற்றம் நடக்கும்போது தரவுத்தளத்தில் தானாக இயங்கும் கட்டளை) உருவாக்கும் உரிமையும் வேண்டும். மலிவான சில சர்வர்களில் அது கிடைக்காது. ஆயிரம் பேரைத் தவறாக மாற்றிவிட்டால் ஒவ்வொன்றாகத் திருப்ப முடியாது என்பதால், முழுக் காப்பு நகலும் வேண்டும். சிவிசிஆர்எம் ஒவ்வொரு மாதமும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. மறுசீரமைப்பு நடக்கும் வாரங்களில் பதிப்பு மாற்றத்தைத் தள்ளிவையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் விதிவிலக்கு.

யாருக்கு இது தேவையில்லை? இருநூறு உறுப்பினர், ஐந்து இலவசக் குழு, குழுக் கட்டணம் இல்லை என்றால், ஒழுங்காக வைத்திருக்கும் விரிதாளும் ஓர் அஞ்சல் சேவையும் போதும். இதை நிறுவும் நேரத்தில் இரண்டு மறுசீரமைப்பையே முடித்துவிடலாம். கட்டணக் குழுக்கள், வட்டாரக் கிளைகள், இரண்டிலும் ஒரே ஆட்கள், மூன்று நான்கு பொறுப்பாளர்களுக்குத் தனித்தனிப் பார்வை என்று வரும்போதுதான் இது தன் பாரத்தைத் தாங்கிக் காட்டும். ஏற்கெனவே சிவிசிஆர்எம்மில் இருக்கும் சங்கம் மறுசீரமைப்புக்காக வேறு மென்பொருளுக்குத் தாவத் தேவையில்லை. வேறு மென்பொருளில் இருக்கும் சங்கமும் அப்படியே: குழு மாற்றத்தையும் மென்பொருள் மாற்றத்தையும் ஒரே ஆண்டில் வைத்தால், ஒரு பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. குழு மாற்றத்தை முடித்து, ஒரு முழுப் புதுப்பிப்புச் சுற்று ஓடட்டும். அதன்பிறகு இங்கே வரலாம்.